தரகருக்கு எதிராக ஒரு கடதாசி

தின்னவேலியில் அறை தேடி அலைந்த கம்பஸ் பிள்ளைகளில் ஒரு புரோக்கரையாவது திட்டாத ஆளை நான் இன்னும் காணவில்லை. எழுத்தில் முறைப்பாடு குடுத்த ஆள் யாரும் இருக்கா என்று விசாரித்தால், கலைப்பீடத்தில் மூன்றாம் வருடம் வரைக்கும் எனக்கு ஒருத்தரும் கிடைக்கவில்லை. திட்டுறதுக்குக் கன்ரீனில் ஒரு பிளேன்ரீ போதும். முறைப்பாட்டுக்குத் திகதி வேண்டும், தொகை வேண்டும், ஆளின் பெயர் வேண்டும், கீழே உங்கட கையெழுத்து வேண்டும். இந்த வருடம் நாங்கள் நாலு பேர் அதைச் செய்தோம். சரியாகச் சொன்னால் மூன்றரைப் பேர். அந்த அரைப் பேரின் கதையும் வரும்.

முதலில் ஏன் புரோக்கர் என்று சொல்லவேண்டும். விடுதி எல்லாருக்கும் எல்லா வருடமும் கிடைப்பதில்லை. பரமேஸ்வராக் கல்லூரி வளவில் 1974இல் தொடங்கின இந்தக் கம்பஸுக்கு இன்று வன்னியில் இருந்தும் மட்டக்களப்பில் இருந்தும் மலையகத்தில் இருந்தும் காலி, குருநாகல் பக்கமிருந்தும் பிள்ளைகள் வருகினம். எல்லாருக்கும் சைக்கிள் ஓடுற தூரத்தில் கூரை வேண்டும். பரமேஸ்வராச் சந்தி, கலட்டி, ஆடியபாதம் வீதி, கொக்குவில், கோண்டாவில் என்று ஒவ்வொரு ஒழுங்கையாகப் போய்ப் பார்த்தால் பூட்டின வீடுகளுக்குக் குறைவில்லை. சொந்தக்காரர் கனடாவிலோ சுவிஸிலோ இருப்பார். திறப்பு இங்கே ஒரு சித்தப்பாவிடம் இருக்கும். சித்தப்பாவுக்கு வயது போட்டுது, ஆக்களோடு கதைக்க ஏலாது. அதனால் அவர் ஒரு புரோக்கரிடம் சொல்லி வைத்திருப்பார். ஆக, ஒரு கதவுக்கு மூன்று பேர். அதில் யாருக்கு என்ன அதிகாரம் என்று கதவுக்கு வெளியில் நிற்கிற எங்களுக்குத் தெரியாது.

எங்களுக்குக் கிடைத்தவரின் நம்பர் ஒரு லைற் போஸ்றில் ஒட்டியிருந்தது. அதோடு எங்களில் ஒருத்தியின் மாமி வீட்டுக்காரருக்கும் அவரைத் தெரியும். அந்த "தெரியும்" தான் எல்லாவற்றுக்கும் பிணை. வீடு காட்டினார். இரண்டு அறை, கிணறு, பின்னால் மாமரம், மாத வாடகை 36,000. மூன்று மாத அட்வான்ஸ் பிறகு தரலாம், இப்போதைக்கு வீட்டைப் "பிடிச்சு வைக்க" 40,000 தாங்கோ, என்ர தரகுக் காசு அரை மாத வாடகை 18,000 என்றார். மொத்தம் 58,000. ஆளுக்கு 14,500. மஹாபொலக் காசில் ஒரு ரொட்டிகூட வாங்கித் தின்னாமல் சேர்த்தாலும் மாதக் கணக்கு ஆகும். ஒருத்தி வீட்டில் தையல் மெசின் தவணைக்கு வைத்திருந்த காசு அதில் இருந்தது.

நாங்கள் ரிசீற் கேட்டோம். அவர் சிரித்தார்.

"ரிசீற்றோ தங்கச்சி? நான் உந்த ஊரில இருவத்தஞ்சு வரியமா வீடு பாத்துக் குடுக்கிறன். இதுவரைக்கும் என்னட்ட ஒருத்தரும் ரிசீற் கேட்டதில்லை. நம்பிக்கை இல்லையெண்டா வேற இடம் பாருங்கோ பிள்ளையள்."

செமஸ்ரர் தொடங்க ஐந்து நாள் இருந்தது. வேற இடம் பார்க்கிற நிலையில் ஒருத்தரும் இல்லை. எங்களில் இரண்டு பேர் கையில் காசாகக் குடுத்தோம். மட்டக்களப்புக்காரியும் மற்றவளும் வங்கி மூலம் அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து அந்த வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. உள்ளே ஒரு குடும்பம் சாமான் இறக்கிக்கொண்டிருந்தது. கூடுதல் வாடகைக்குப் போயிற்று. புரோக்கர், "உங்கட காசு ஓனரிட்டப் போட்டுது, ஓனர் தான் மாறிட்டார்" என்றார். வெளிநாட்டில் இருக்கிற ஓனரின் நம்பரைத் தேடிப் பிடித்துக் கேட்டால், தனக்கு ஒரு சதமும் வரவில்லை, நாலு கம்பஸ் பிள்ளைகள் பற்றி ஒருத்தரும் சொல்லவும் இல்லை என்றார். திறப்பு வைத்திருக்கிற சித்தப்பா, "எனக்கு இதில ஒண்டும் தெரியாது பிள்ளையள்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். உண்மையிலேயே அவருக்கு ஒன்றும் தெரியாது.

இந்த இடத்தில் வழக்கமாக என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு கிழமை ஃபோன் அடிப்போம். பிறகு அவர் எடுக்கமாட்டார். பிறகு வேறு நம்பரில் இருந்து அடிப்போம். "வாற கிழமை தாறன்" என்பார். பிறகு பரீட்சை வரும். பிறகு அது கன்ரீனில் சொல்லிச் சிரிக்கிற ஒரு கதையாகிவிடும். அம்மாவும் ஃபோனில் அதைத்தான் சொன்னா. "விடு பிள்ளை. காசு போனாப் போகட்டும். நீங்கள் படிக்கப் போனனீங்களோ, பொலிசுக்குப் போகப் போனனீங்களோ?"

அம்மா கிளிநொச்சியில் இருந்து சொல்கிறா. பொலிஸ் நிலையத்தில் பெயர் எழுதுகிறது என்றால் எங்கட ஆக்களுக்கு வயிறு கலங்குகிறதற்குக் காரணம் இருக்கிறது. அதை நான் இங்கே விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அந்தப் பயம் யாருக்குப் பிரயோசனப்படுகிறது என்று யோசித்தேன். இருபத்தைந்து வருடமாக ரிசீற் குடுக்காத ஒருவருக்கு அது நல்ல பிரயோசனம்.

எங்கட கலைப்பீடத்திலேயே சட்டத்துறையும் இருக்கிறது. அங்கே படிக்கிற ஒரு அக்காவிடம் போனோம். அவ கேட்ட முதல் கேள்வி: "உங்களுக்கு என்ன வேணும்? வீடா, காசா, அவருக்குத் தண்டனையா?" நாலு பேரும் நாலு பதில் சொன்னோம். "அதைத் தீர்மானிச்சுப்போட்டு வாங்கோ. என்ன கேக்கிறீங்கள் எண்டு கடைசி வரியில இல்லாட்டி அது முறைப்பாடு இல்லை, கதை" என்றா.

ஏன் அந்தக் கேள்வி முக்கியம் என்று பிறகுதான் விளங்கினது. 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இன்றும் நடைமுறையில் இருக்கிறது. காணி, வீடு சம்பந்தமான உரிமை எதுவும் எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், குறைந்தது இரண்டு சாட்சிகளோடு இருந்தால்தான் செல்லும் என்கிறது அது. ஒரு மாதத்துக்கு மேற்படாத குத்தகை மட்டும் விலக்கு. கம்பஸ் பிள்ளைகளின் அறைகள் எல்லாம் அந்த விலக்குக்குள்ளேதான் கிடக்கின்றன. மாதம் மாதம் காசு குடுத்து, மாதம் மாதம் இருக்கிறோம். "எங்களுக்குத் தாறன் எண்ட வீடு" என்று நாங்கள் கத்தினால், கையில் கடதாசி எங்கே என்பார்கள். "எங்களிட்ட வாங்கின காசு" என்றால் அது வேறு. அதற்கு நொத்தாரிசு தேவையில்லை. வாங்கினதற்கு ஆதாரம் இருந்தால் போதும். எனவே தீர்மானித்தோம்: வீடு வேண்டாம், காசு வேண்டும்.

எங்கட ஊர்ச் சட்டத்தில் ஒரு விசயத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில் காணி விற்பனை பற்றி ஒரு பகுதி உண்டு. காணியை விற்கிறவர் முதலில் உரித்துக்காரருக்கும் பங்காளிகளுக்கும் அறிவிக்க வேண்டும். விற்பனையைத் தேவாலயத்தில் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை பகிரங்கமாக வாசிக்கிற நடைமுறையும் அதில் வருகிறது. முன்வாங்கும் உரிமைக்கென்று 1947இல் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் வந்தது. அதாவது, நிலம் கை மாறுவது ஊருக்குத் தெரிந்து நடக்கவேண்டிய காரியம் என்று இந்த மண் முந்நூறு வருடத்துக்கு முன்னமே நினைத்திருக்கிறது. அதே மண்ணில் இன்றைக்கு ஒரு அறை கை மாறுவது ஒரு ஃபோன் நம்பருக்குள் முடிந்துவிடுகிறது.

சரி, கடதாசிக்கு வருவோம். முதல் நாள் இரவு நாலு பேரும் சேர்ந்து மூன்று பக்கம் எழுதினோம். அவர் சிரித்த சிரிப்பு, எங்களை வெயிலில் நிற்க வைத்தது, "பொம்பிளைப் பிள்ளையள் இவ்வளவு கதைக்கக்கூடாது" என்று சொன்னது எல்லாம் அதில் இருந்தது. அந்த மூன்று பக்கத்தையும் நாங்கள் கிழிக்கவில்லை, இன்னும் என்னிடம் இருக்கிறது. அது எங்களுக்காக எழுதினது. முறைப்பாட்டுக்கு அடுத்த நாள் வேறு ஒரு பக்கம் எழுதினோம்.

அந்த ஒரு பக்கத்தில் இருந்தவை இவைதான். முறைப்பாட்டாளர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம். எதிர்த்தரப்பின் பெயர், ஃபோன் நம்பர், தெரிந்த விலாசம். எந்தத் திகதியில் எந்த வீட்டைக் காட்டினார். எந்தத் திகதியில், யார், எவ்வளவு, எப்படிக் குடுத்தது, காசாகவா வங்கியாலா. அதற்கு அவர் என்ன தருவதாகச் சொன்னார். எந்தத் திகதியில் அந்த வீட்டில் வேறு ஆக்கள் இருக்கக் கண்டோம். எந்தெந்த நாட்களில் காசைத் திருப்பிக் கேட்டோம். கடைசியில்: 58,000 ரூபாவை இத்தனையாம் திகதிக்கு முன்னர் திருப்பித் தரவேண்டும். அவர் நல்லவரா கெட்டவரா என்று ஒரு சொல்லும் இல்லை.

ஆதாரம்தான் அதிக நேரம் எடுத்தது. வங்கிச் சீட்டு இரண்டு. மிச்சம் எல்லாம் வட்ஸ்அப் வொய்ஸ். அவர் ரைப் பண்ணமாட்டார், எல்லாவற்றையும் குரலாகத்தான் அனுப்புவார். நான் ஒரு இரவு முழுக்க ஹெட்செற் போட்டுக்கொண்டு இருந்து அவற்றை எழுத்தாக்கினேன், திகதி, நேரத்தோடு. "தங்கச்சி, நாப்பதும் கிடைச்சிட்டுது, பயப்பிடாதேங்கோ, வீடு உங்களுக்குத்தான்." இதைக் கடதாசியில் பார்த்தபோது எனக்கு ஒரு விசயம் உறைத்தது. இதுதான் அவர் குடுக்கமாட்டேன் என்று சொன்ன ரிசீற். அவரே தன் வாயால் சொல்லிவைத்திருக்கிறார், நாங்கள் எழுதினதுதான் மிச்சம். அந்த முழுக் கொடுக்கல் வாங்கலிலும் எழுதப்பட்ட முதல் கடதாசி எங்கட முறைப்பாடுதான்.

கையெழுத்து வைக்கிற நேரம் வந்தது. மாமி வீட்டுத் தொடர்பில் புரோக்கரைத் தெரிந்திருந்தவள் பேனையை எடுக்கவில்லை. "என்னால ஏலாதடி. நான் கையெழுத்து வைச்சா மாமி வீட்டில அம்மாவோட கதைக்க மாட்டினம். அக்காவுக்கு அங்கால தான் கலியாணம் பேசுகினம்." கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை. அவளுடைய காசும் அந்த 58,000க்குள் இருந்தது. தையல் மெசின் காசு அவளுடையதுதான். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மட்டக்களப்புக்காரிதான், "அவள வுடு புள்ள, நாங்க மூணு பேர் வைப்பம்" என்று சொன்னாள். அடுத்த நாள் காலையில், மற்றவள் தன்னுடைய வங்கிச் சீட்டின் போட்டோக் கொப்பியைக் கொண்டுவந்து என் கொப்பிக்குள் வைத்துவிட்டுப் போனாள். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் நான் சொன்ன அரைப் பேர். அந்தச் சீட்டு எங்கள் இரண்டாவது இணைப்பு. யாழ்ப்பாணத்தில் ஒரு மனிதருக்கு எதிராக எழுதுவதென்றால் அவரோடு மட்டும் முடிகிற காரியம் இல்லை. அவருடைய மச்சான், அவருடைய கோயில், உங்கட மாமி எல்லாரும் அந்தக் கடதாசிக்குள் வந்துவிடுவார்கள். முறைப்பாடு குடுக்காதவர்களைக் கோழை என்று சொல்ல எனக்கு இப்போது மனம் வருகுதில்லை.

முதலில் அந்தக் கடதாசியைப் புரோக்கருக்கே பதிவுத் தபாலில் அனுப்பினோம், இரண்டு கிழமை தவணை குடுத்து. பதில் குரலில்தான் வந்தது. "இனி தின்னவேலியில உங்களுக்கு ஆர் அறை தாறான் எண்டு பாப்பம்." அதையும் எழுதிச் சேர்த்தோம்.

பிறகு பொலிஸ். எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒன்று: 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு. நீங்கள் வாயால் சொல்லுகிற முறைப்பாட்டை, நீங்கள் சொல்லுகிற மொழியிலேயே எழுதவேண்டும், எழுதினதை உங்களுக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்று அது சொல்கிறது. அந்த மொழியில் எழுத அங்கே வழியில்லை என்றால், உங்களையே எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். தமிழில் சொல்லுகிற எங்களுக்கு மட்டும் இல்லை, இங்கே அறை எடுத்திருக்கிற சிங்களப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். விளங்காத மொழியில் எழுதின ஒன்றுக்குக் கீழே கையெழுத்து வைக்க ஒருத்தருக்கும் கடமை இல்லை.

எங்கள் முறைப்பாட்டை எழுதின உத்தியோகத்தர் தமிழில்தான் எழுதினார். மரியாதையாகத்தான் கதைத்தார். வாசித்துக் காட்டும்போது "வாடகைக் காசு தொடர்பான தகராறு" என்று ஒரு வரி வந்தது. மட்டக்களப்புக்காரி, "சேர், நாங்க அந்த வூட்டுல ஒரு நாளும் இருக்கல்ல. வாடகை இல்ல அது. வூடு தாறன் எண்டு சொல்லி வாங்கின காசு" என்றாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு மாற்றி எழுதினார். இரண்டு மூன்று சொல்தான். ஆனால் தகராறு என்றால் இரண்டு பக்கமும் பிழை இருக்கலாம். சொல்லி வாங்கின காசு என்றால் கேள்வி ஒரு பக்கம் போகும். தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு ஏமாற்றுதலை வரையறுக்கிறபோது, பொய்யை நம்பவைத்து ஒருவரைப் பொருளைக் குடுக்கச் செய்வதைத்தான் பார்க்கிறது. கடனைத் திருப்பித் தராமல் விடுவது வேறு, ஆரம்பத்திலேயே பொய் சொல்லி வாங்குவது வேறு. வாசித்துக் காட்டுகிற அந்த இரண்டு நிமிசத்தில் காதைத் தீட்டி வைத்திருங்கள்.

எங்கள் விசயம் பொலிசில் இருந்து மத்தியஸ்த சபைக்குப் போனது. 1988ஆம் ஆண்டு 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த சபைகள் இவை. இணக்கசபை என்றும் சொல்லுவார்கள். குறித்த தொகைக்கு உட்பட்ட பணப் பிணக்கென்றால் இந்தச் சபைக்குப் போகாமல் நேரே நீதிமன்றத்தில் வழக்கு வைக்க ஏலாது. இணக்கம் வராவிட்டால் சபை தருகிற சான்றிதழோடுதான் அங்கே போகலாம். சட்டத்தரணி உங்களுக்காக வந்து கதைக்க முடியாது. நீங்களேதான் கதைக்க வேண்டும். இது எங்களைப் போல காசில்லாத ஆக்களுக்கு நல்லது. வாய் இல்லாத ஆக்களுக்குக் கஷ்டம்.

ஒரு விடுமுறை நாளில், ஒரு பாடசாலை வகுப்பறையில், சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில் இருந்தோம். மூன்று மத்தியஸ்தர்கள். இளைப்பாறின ஆசிரியர்கள் மாதிரி இருந்தார்கள். புரோக்கர் வெள்ளைச் சேட்டு போட்டு, திருநீறு பூசி வந்திருந்தார். "பிள்ளையள் என்ர மகளின்ர வயசு" என்று தொடங்கினார். காசு தான் வாங்கவே இல்லை என்று சொல்லுவார் என்று பயந்துகொண்டிருந்தோம். நான் எழுதின வொய்ஸ் பட்டியலை அவர்கள் கையில் குடுத்ததும் அந்தப் பக்கம் அவர் போகவேயில்லை. 40,000 வாங்கினது உண்மை, ஓனர் மாறினதால் வந்த பிரச்சினை என்றார். "ஓனர் உங்களுக்கு வீட்டை வாடகைக்குக் குடுக்கச் சொல்லி எழுத்தில ஏதும் தந்தவரோ? அற்றோணித் தத்துவம் இருக்கோ?" என்று ஒரு மத்தியஸ்தர் கேட்டார். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியை வீடு பார்க்கப் போகும் நாளிலேயே கேட்கலாம் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. ஓனரின் கடிதம் எங்கே, திறப்பு வைத்திருக்கிறவருக்கு யார் அதிகாரம் தந்தது என்று கேட்பதற்கு உங்களுக்குச் சட்டம் படித்திருக்கத் தேவையில்லை.

தரகுக் காசு 18,000இல்தான் இழுபட்டது. "நான் ஓடித்திரிஞ்சதுக்குக் கூலி இல்லையோ?" என்று அவர் கேட்டார். அது ஒரு நியாயமான கேள்விதான். பெற்றோல் அடித்து மூன்று வீடு காட்டினவர். ஆனால் வீடு கிடைக்கவில்லையே. கடைசியில் 40,000ஐ இரண்டு தடவையாகவும், தரகில் பாதி 9,000ஐ அதன் பிறகும் தருவதாக ஒத்துக்கொண்டு கையெழுத்து வைத்தார். இணங்கினதை மீறினால் சபைக்குத் திரும்ப அறிவிக்கலாம் என்றார்கள். 25,000 வந்தது. பிறகு 15,000 வந்தது. 9,000 இதை எழுதுகிற வரைக்கும் வரவில்லை. கிடைத்ததில் ஆளுக்கு 10,000. கையெழுத்து வைக்காதவளுக்கும் அதே பத்து. அவளுக்குத்தான் முதல் குடுத்தோம்.

இலண்டனில் இருக்கிற என் மச்சாளுக்கு இதைச் சொன்னபோது அவ அங்கத்தைய முறையைச் சொன்னா. இங்கிலாந்தில் 2014 ஒக்ரோபரில் இருந்து வாடகை முகவர்கள் ஏதாவது ஒரு முறைப்பாட்டுத் தீர்வுத் திட்டத்தில் சேர்ந்திருக்கவேண்டும். முதலில் முகவருக்கு எழுத்தில் குடுக்கவேண்டும், எட்டுக் கிழமைக்குள் சரிவராவிட்டால் அந்தத் திட்டத்துக்குப் போகலாம். 2019 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி வாடகைக்கு வருகிறவரிடம் தரகு வாங்கவே கூடாது. வீட்டைப் பிடித்து வைக்கிற காசு ஒரு கிழமை வாடகைக்கு மேற்படக்கூடாது. வீட்டுக்காரர் பின்வாங்கினால் ஏழு நாளுக்குள் திருப்பவேண்டும். தமிழ்நாட்டிலும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், குடியிருப்பு வீட்டுக்கு முற்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்கிறது. அங்கெல்லாம் ஒருத்தரும் ஏமாறுவதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. எங்கே போய்ச் சொல்லுவது என்பதை அங்கே காசு குடுக்க முன்னமே தெரிந்துவைத்திருக்கலாம். எங்களுக்கு லைற் போஸ்றில் இருந்த நம்பர்தான் இருந்தது.

அதற்காக இங்கே ஒரு வழியும் இல்லை என்று நினைக்க வேண்டாம். பொலிஸ், மத்தியஸ்த சபை தவிர, 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. அங்கே குடுக்கிற முறைப்பாடு எழுத்தில், மூன்று மாதத்துக்குள் இருக்கவேண்டும். "வாற கிழமை தாறன்" என்று புரோக்கர் இழுக்கிற ஒவ்வொரு கிழமையும் அந்த மூன்று மாதத்தில்தான் கழியும். காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் நுழைவுச் சீட்டு ஒன்றுதான்: திகதியும் தொகையும் எழுதின ஒரு கடதாசி.

இப்போது நாங்கள் கோண்டாவில் பக்கம் ஒரு ஆச்சி வீட்டில் இருக்கிறோம். நாலு பேரும்தான். வீட்டுக்கு வந்த முதல் நாள் ஒரு கொப்பித் தாளில் வாடகை, அட்வான்ஸ், திகதி எழுதி ஆச்சியிடம் நீட்டினோம். ஆச்சி கோபிப்பா என்று பயந்தோம். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, இரண்டு தரம் வாசித்து, "தண்ணி மோட்டர் காசை எழுதேல்லையே பிள்ளையள்" என்று சொல்லி, அதையும் எழுத வைத்துத்தான் கையெழுத்துப் போட்டா.

போன கிழமை இரண்டாம் வருடப் பிள்ளை ஒருத்தி எங்கள் முறைப்பாட்டை வாங்கி ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கும் ஒரு புரோக்கர், அவளுக்கும் பிடிச்சு வைக்கிற காசு. "நல்லதக்கா, பேரையும் தொகையையும் மாத்தினாச் சரி" என்றாள். பெயரைப் பார்த்துவிட்டு அடுத்த நிமிசமே திரும்பி வந்தாள். பெயரை மாற்றத் தேவையில்லையாம்.